கொச்சி யூதர் ஆய்வும் நமக்குரிய பாடமும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோன் முதலில் யாரிடம் சென்று கேட்கிறான் என்பதே அவன் எழுதப்போகும் வரலாற்றின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. செப்பேடு வைத்திருப்பவனிடம் கேட்டால் செப்பேட்டின் வரலாறு கிடைக்கும். கலப்பை பிடித்தவனிடம் கேட்டால் வேறொன்று கிடைக்கும். இவ்வுண்மையை உணர்த்துதற்குக் கொச்சி யூதரைப் பற்றிய நவீன ஆய்வுகள் தக்க சான்றாகும்.

யூதர் வரலாறு நமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் வினவலாம். பலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்பட்டுவரும் அநீதி நெஞ்சிற் கனன்றுகொண்டிருக்கும்போது இவ்வினா எழுவது இயல்பே. ஆயினும் ஓர் அரசின் கொடுமையை எதிர்ப்பதும் ஒரு மக்களின் வரலாற்றை அறிவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மேலும் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதுமன்று. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துக்களில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். ஏறத்தாழக் கி.பி. 1000இல் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணப் பேற்றை அளித்தான். அஞ்சுவண்ணம் யூதருக்கே உரியதென நெடுங்காலம் கருதப்பட்டது. மேற்காசிய வணிகர் பல சமயத்தினரும் சேர்ந்தியங்கிய குழுவே அது என ஒய். சுப்பராயலு முதலியோர் பின்னர் நிறுவினர். தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழையதாகிய பல்சந்தமாலையில் அச்சொல் நம் முன்னோரையே சுட்டுகின்றது.

இனி ஆய்வுக்கு வருவோம். 1937இல் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம், கொச்சி யூதரின் வாழ்க்கைமுறை பற்றிய தம் கட்டுரையை 1939இல் வெளியிட்டார். நவீன யூத வரலாற்றுக்கென அவ்வாண்டிலேயே நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட ஆய்விதழொன்றில் அது வெளிவந்தது. அவர் கண்ட சமூகம் பிளவுண்டு கிடந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து வந்தேறியோரின் வழியினர் பரதேசிகள். அவர்களுக்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்தோர் மலபார் யூதர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த அம்மக்களுள் பரதேசிகள் நூறுபேர் அளவினரே. எனினும் 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூடமும், ஒல்லாந்தரோடும் ஆங்கிலேயரோடும் கொண்ட உறவும், சேமித்து வைத்த ஆவணங்களும் அவர்களிடமே இருந்தன. வெளியிலிருந்து வந்தோர் பெரும்பாலும் அவர்களுடைய திண்ணையிலேயே அமர்ந்து கேட்டனர். 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்னும் பெயர்களும் அவ்வழியே நூல்களில் நிலைத்தன.

அடிமை நீங்கியோரின் வழியினருக்குப் பரதேசிகளின் கூடத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சாலம் (1882–1967) காந்தியடிகளின் முறையில் அக்கூடத்திலேயே சத்தியாக்கிரகம் இருந்தார். இந்து சமூகத்தின் சாதியமைப்பைப் பின்பற்றியதால் வந்த வேற்றுமையே இது என நேதன் காட்சும் எலன் கோல்ட்பேர்க்கும் தம் நூலில் (1993) விளக்கினர். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு, முழுமை இல்லை. சொத்தும் அதிகாரமும் எவர் கையில் இருந்தன என்ற கேள்வியைச் சாதி என்ற ஒரு சொல்லால் மூடிவிடல் ஆகாது. அந்நூலின் தலைப்பு கொச்சியின் இறுதி யூதரைப் பற்றிப் பேசுகிறது. 1950களில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்து நெகேவ் பாலை நிலத்திலும் பிறவிடங்களிலும் உழவராகிய மலபார் யூதரின் மக்கள் இன்றும் வாழ்கின்றனரே! இறுதியானவர் எவர் என்பதும் கேட்கும் இடத்தைப் பொறுத்ததே போலும்.

இக்குறையைப் போக்கியவை பெண்களின் கையேடுகள். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திற் பாடி வந்த பாடல்களைத் தாமே கையேடுகளில் எழுதிவைத்திருந்தனர். மணமகளின் அழகு, கிளி, வேதக் கதைகள், தொழுகைக்கூடம் எழுந்த வரலாறு ஆகிய யாவும் அவற்றில் உண்டு. பி.எம். ஜுஸ்ஸே, ஷேர்லி ஐசன்பேர்க், பார்பரா ஜோன்சன் ஆகியோர் 1970களில் இவற்றைத் தேடத் தொடங்கினர். ஸ்கறியா சக்கரியாவும் ஓபிரா கம்லியேலும் மலையாளத்திலும் எபிரேயத்திலுமாக 2005இல் ஒரு தொகுப்பைக் கொணர்ந்தனர். இவற்றால் தெளிந்தது யாது? ஒரே பாடல்கள் பரதேசிப் பெண்களின் ஏட்டிலும் மலபார்ப் பெண்களின் ஏட்டிலும் காணப்படுகின்றன! ஆடவர் தொழுகைக்கூட வாயிலில் எழுப்பிய சுவரைப் பாடல் கடந்து சென்றிருக்கின்றது. ஆனால் இம்முயற்சி காலந்தாழ்ந்தே வந்தது. ஊர் பெயர்ந்து, பேரப்பிள்ளைகள் எபிரேயம் பேசத் தொடங்கிய பின்னரே ஆய்வாளர் வந்தனர். பல ஏடுகளில் சொற்கள் எஞ்சின; மெட்டுக்கள் எஞ்சவில்லை.

நம் நிலை என்ன? இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். அரபு வழியினரே என ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் மறுத்துரைத்தார். சட்டசபையில் யார் யாருக்குப் பிரதிநிதி என்ற அரசியலோடு பிணைந்த இவ்வாதம், நம் பூர்விகம் பற்றிய பேச்சுக்கு இன்றும் எல்லை வகுக்கின்றது. கிழக்குக் கரையின் வாழ்வோ வேறு சான்று கூறுகின்றது. இங்கே குடி தாய்வழியாகவே வருகின்றது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்கின்றன. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிதோறும் மரைக்கார் அமர்ந்ததும் அத்தாய்வழி அடிப்படையிலேதான். தந்தையர் எக்கரையிலிருந்து வந்தனர் என்று தேடுவோர், தாயர் இக்கரையில் எதைக் காத்தனர் என்று கேட்கவேண்டாவா?

எம் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து இப்பணிக்கு வழிகாட்டினார். ஆயினும் ஒருவர் உழைப்பு ஒரு சமூகத்தின் கடனைத் தீர்த்துவிடாது. வயல்வெளியில் எழுந்த கவியும், தாலாட்டும், கல்யாண வீட்டுக் குரவையும் பாடினோர் மெட்டோடு பதிவாக வேண்டும். எக்குடி, எவ்வயல், எப்பொழுது என்ற விவரங்களும் உடன் எழுதப்பட வேண்டும். இதற்குப் பல்கலைக்கழகத்தார் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உயர்வகுப்பு மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியுடன் தன் மூத்தம்மாவின் அருகில் ஒரு மாலை அமர்ந்தாலே போதும். அது பாடத்திட்டத்தில் இல்லையே என்று ஆசிரியராகிய நாம் சொல்லாதிருப்போமாக.