அண்ணன், அக்காள், சித்தி: கூடவே இருந்து கற்ற விசுவாசம்

1785-இல் தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது, அவ்வூர்ச் சபையைச் சேர்ந்த குளோரிந்தா அம்மையார் கட்டியிருந்த சிறிய கோயிலைப் பிரதிஷ்டை செய்வதற்காக. தஞ்சாவூருக்குத் திரும்பும்போது அவரோடு ஒரு பையனும் புறப்பட்டான். தேவசகாயம் என்பவரின் மகன். பதினொன்றோ பன்னிரண்டோ வயது. தகப்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார் என்றே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் அந்தப் பையன்தான்.

சுவார்ட்ஸ் கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். ஆனாலும் அவர் வீடு பிள்ளைகள் நிறைந்த வீடு. கோல்ஹாப் என்ற தரங்கம்பாடி மிஷனரியின் மகன் ஜான் காஸ்பர் அங்கேதான் வளர்ந்தார். 1787-இல் குருப்பட்டம் பெற்றார். சத்தியநாதன் என்ற உபதேசியார் சுவார்ட்ஸோடு பழகித் தேறி, 1790-இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைச் சபையைக் கவனித்துக்கொண்டார். தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த சரபோஜியும் சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்த பிள்ளைதான். அரண்மனைச் சூழ்ச்சியில் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தபோது, இளவரசரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைக்க முன்னின்றவர் சுவார்ட்ஸ்.

இந்த வீட்டுக்குப் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. காலை ஜெபம், சாப்பாடு, சபை விசாரிப்பு, வழிநடை, வழக்குத் தீர்ப்பு, மாலை ஜெபம். பையன்கள் கூட நடந்தார்கள், கூடப் பார்த்தார்கள். மாற்கு சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டதற்குச் சொல்லும் காரணங்களின் வரிசையும் இதே வரிசைதான். முதலில் அவர்கள் தம்மோடு இருப்பது. பிரசங்கிக்க அனுப்பப்படுவது அதற்குப் பிறகு. தமிழ்ச் சபைகளில் இன்று ‘சீஷத்துவப் பயிற்சி’ என்று பதாகை கட்டி மூன்று நாள் முகாம் நடத்துகிறார்கள். முகாமில் தவறில்லை. ஆனால் வரிசை மாறிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த மரபின் தொடக்கத்தைத் தேடிப்போனால் தஞ்சையையும் தாண்டி, முத்துக்குளித்துறைக்கு வந்துசேர வேண்டியிருக்கும். 1542-இல் அங்கே வந்த கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் சரியாக வராது. ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார்; அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொன்னார்கள். நோயாளிகள் கூப்பிட்டால் தம்மால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்று பிள்ளைகளையே அனுப்பியதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிறியவர் பெரியவருக்குக் கற்பிப்பது இந்த மரபில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

சவேரியார் ஓர் ஊரில் தங்கிய காலம் குறைவு. அவர் போன பிறகு ஊரில் இருந்தவர் கணக்கப்பிள்ளை. பெயர்தான் கணக்கு, வேலை ஜெபம் சொல்லித் தருவது, சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, ஊர்க் கல்யாணத் தடைகளைப் பார்ப்பது. இவர்களுக்குக் கூலி கொடுக்க, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்ற கதை சுவையானது. அரசி பரலோகம் போக இந்தப் பரதவப் பிள்ளைகளைவிட நல்ல காலணி கிடையாது என்ற பொருளில் அவர் வேடிக்கையாக எழுதினார்.

கத்தோலிக்கப் பள்ளி, அதாவது கத்தோலிக்கர் வளர்த்த பயிற்சி மரபு, இந்த ஊர்மனிதரை வேதியர் என்றது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்களுக்கென்றே எழுதிய உரைநடை நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. தலைப்பைக் கவனிக்க வேண்டும். போதிக்க வேண்டிய சங்கதிகளின் பட்டியலுக்கு அவர் தலைப்பில் இடம் கொடுக்கவில்லை; ஒழுக்கத்துக்குக் கொடுத்தார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் ஊரில், ஜனங்கள் நாள்தோறும் பார்ப்பது வேதியர் வீட்டு வாசலைத்தான். அவர் கடன் வாங்கினால் ஊருக்குத் தெரியும். மனைவியோடு சண்டை போட்டாலும் தெரியும்.

தரங்கம்பாடிப் பள்ளி வேறு வாசல் வழியாக வந்தது. 1706 ஜூலையில் கப்பல் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்க ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். எழுபது வயதான அந்த வாத்தியார் தம் பள்ளியையே பாதிரியார் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். ஜெர்மானியப் பாதிரியார் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். வந்த இடத்தில் முதலில் மாணவராக உட்கார்ந்தவர் அவர். அந்த மிஷன் 1733-இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. புராட்டஸ்டாண்டு சபையின் முதல் தமிழ்க் குருவானவர் அவர். கப்பல் வந்து 27 ஆண்டுகள் கழித்து. கூடவே இருந்து வளர்ப்பதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது.

திருநெல்வேலிப் பள்ளிதான் எண்ணிக்கையில் பெரியது, சபை நினைவு மலர்களில் குறைவாக எழுதப்படுவதும் அதுவே. 1820-இல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு பனைமரக் காடுகளுக்கு நடுவே ஜெபவீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உபதேசியார். பெரும்பாலும் அவரே பள்ளி வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா, மாலையில் பெரியவர்களுக்கு ஜெபம். மணி அடிப்பவரும் அவரே. வராதவர் வீட்டுக்கு நடந்து போய் ஏன் வரவில்லை என்று கேட்பவரும் அவரே. அவர் மனைவி ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தால், ‘டீச்சரம்மா’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடும் பிடியரிசிக் காணிக்கை எந்தப் பிரசங்கத்தாலும் பரவியதில்லை. மாமியார் போடுவதை மருமகள் பார்த்தாள், மகள் பார்த்தாள். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, உறுத்தும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

கூட இருந்து கற்பவர் ஆசிரியரின் வாய்ச்சொல்லை மட்டும் கற்பதில்லை. அவர் எதைப் பார்த்தும் பாராமல் விட்டாரோ அதையும் கற்றுவிடுகிறார். சுவார்ட்ஸ் தம் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதைப் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் கரையும் என்று நம்பினார். கரையவில்லை. அவர் 1798-இல் இறந்து முப்பது ஆண்டுகள் ஆனபோது, சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அகற்றியே தீர வேண்டும் என்று புதிய மிஷனரிகள் கிளம்பினார்கள். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் அதற்குக் கண்டிப்பான கடிதமே எழுதினார். அதற்கு முன்பே தஞ்சையில் அந்த மிஷனரிகளை எதிர்த்துச் சாதி ஆசாரத்துக்காக எழுதி வாதாடியவர்களில் முதன்மையானவர் யார்? வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் மகனைப்போல் வளர்த்த அதே பையன். ‘எங்கள் பெரிய ஐயர் இதைத் தடுக்கவில்லையே’ என்பதே அந்தப் பக்கத்தின் வலுவான வாதமாக இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஆகச் சிறந்த குருகுலம் தன் ஆகச் சிறந்த மாணவனுக்கு எதையெல்லாம் கொடுத்தது என்ற கணக்கில் இதையும் எழுத வேண்டும். பாடல்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த முடியாது.

ஆகவே, இந்த மரபின் பள்ளிகளை எடைபோட நினைப்பவர்கள் முதலில் பந்தியைப் பார்க்கலாம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

இதே கேள்வி வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் இடையிலும் இருந்தது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.ச. அசரியா அதை உலகத்தின் முன் வைத்தார். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேச எழுந்த அவர், மிஷனரிகளின் உழைப்பையும் தியாகத்தையும் புகழ்ந்துவிட்டு, இனி எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் முடித்தார். மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. இரண்டாண்டு கழித்து அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். தெலுங்கு நாட்டில் அவர் நடத்திய ஊழியர் பயிற்சியில் மாணவர்கள் மனைவி மக்களோடு வந்து தங்கினார்கள். மனைவிமாருக்கும் பாடம் உண்டு. அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாள் இதில் பங்கெடுத்தார். கிராமத்துக்குப் போகப்போவது ஒரு மனிதன் மட்டும் அல்ல, ஒரு குடும்பம் என்பது திருநெல்வேலி உபதேசியார் வீட்டைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியாதா?

டோனாவூர்ப் பள்ளியில் உறவுப் பெயர்களே இலக்கணம். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி ஓடிவந்து சேர்ந்ததிலிருந்து எமி கார்மைக்கேல் அம்மையாரின் வேலை திசைமாறியது. அதுவரை ஊர் ஊராக மாட்டுவண்டியில் சுவிசேஷம் சொல்லப் போனவர், குழந்தைகளுக்குத் தாயாக ஓர் இடத்தில் உட்கார்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர் ‘சித்தி’. ஆண்கள் ‘அண்ணாச்சி’. அங்கேயே வளர்ந்து பெரியவளாகிச் சிறியவர்களைப் பார்த்துக்கொண்ட தமிழ்ப் பெண் ‘அக்காள்’. எமி மட்டும் ‘அம்மா’. சிறு வீடுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், கூட ஓர் அக்காள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த நாளே பண்டிகை. ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் குழந்தைகளின் பொறுப்பைத் தாங்கிய பொன்னம்மாளை, 1915-இல் அவர் இறக்கும்வரை எமி தம் வலக்கையாகவே கருதினார்.

குறை சொல்ல இடமில்லாமல் இல்லை. மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வெளியே உள்ள ஊரின் வாழ்க்கை எவ்வளவு தெரிந்திருக்கும்? அம்மாவின் மனவலிமைக்கு எதிரே ஓர் அக்காளால் மறுவார்த்தை பேச முடிந்திருக்குமா? ஆனால் 1931-இல் குழியில் விழுந்து எலும்பு முறிந்து, 1951-இல் இறக்கும்வரை எமி பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். அந்த இருபது ஆண்டுகளும் வளாகம் நின்றுபோகவில்லை. சித்திகளும் அக்காள்களும் நடத்தினார்கள்.

திருப்பத்தூர்ப் பள்ளி ஒரு படி கீழே இறங்கிப் பெயர் வைத்தது. 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரும் மருத்துவர்கள்: சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். ஆசிரமம் என்றால் குரு வேண்டும். இவர்கள் அந்த நாற்காலியைக் கிறிஸ்துவுக்கென்று காலியாக விட்டுவிட்டு, ‘பெரியண்ணன்’, ‘சின்னண்ணன்’ என்று அழைக்கப்பட்டார்கள். தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். 1921-இல், ஆங்கில ஆட்சி நடக்கும்போது, அந்த இரண்டு சொற்களில் எவ்வளவு அரசியல் இருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பது கடினம். கதர் உடை, தரையில் சம்மணமிட்ட சாப்பாடு, மருத்துவமனை வேலை, திராவிடக் கோயில் பாணியில் எழுந்த ஜெபாலயம். மணமாகாத வாழ்வை உறுப்பினருக்கு நெறியாக வைத்ததால் அங்கே நிலையாகத் தங்கியவர் தொகை சிறுத்தே இருந்தது. குடும்பத்தோடு வாழும் திருநெல்வேலி முறை பரவிய அளவுக்கு இது பரவாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலும் இப்படி ஒரு பள்ளி இருந்தது. 1935 முதல் 1937-இல் கெஸ்டபோ மூடும்வரை பிங்கன்வால்டே என்ற ஊரில் டீட்ரிக் போன்ஹோஃபர் இளம் போதகர்களைத் தம்மோடு தங்கவைத்துப் பயிற்றினார். தொடக்க நாள்களில் சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள், யாரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே ஓடிவந்தவர்களை உள்ளே விடாமல் தாமே கழுவி முடித்தார் என்று அவர் மாணவர் பெத்கே நினைவுகூர்கிறார். அங்கே இருந்த இன்னொரு விதி: கூட இருக்கும் சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். எத்தனை சேகரக் கமிட்டிகள் இந்த ஒரு விதியைத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பந்திக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, குறையை நேரிலேயே சொல்லும் இந்தப் பேச்சுரிமைதான். அப்போஸ்தலர் நடபடிகளில் அப்பொல்லோ என்ற சொல்வன்மை மிக்க பிரசங்கியைக் கூடாரம் தைக்கும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களிடம் அழைத்து, அவர் போதனையில் இருந்த குறையை எடுத்துச் சொன்னார்கள். சபை நடுவே சொல்லவில்லை. வளர்ந்தவர் வளர்த்தவரிடமும் இப்படிப் பேச முடிந்த வீடுகள் நீடித்தன. முடியாத இடங்களில் ஆசிரியர் இறந்ததும் மாணவர்கள் அவருடைய பழக்கங்களைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். தஞ்சையில் நடந்தது ஏறக்குறைய அதுவே.

அந்தத் தஞ்சையில், சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் கோயிலில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியது. பணம் கொடுத்துச் செய்வித்தவர் சரபோஜி மன்னர். மரணப் படுக்கையில் கிழவர் கிடக்கிறார். கட்டிலருகே நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் மன்னர். பள்ளிப் பிள்ளைகளும் அருகில் இருக்கிறார்கள். அந்த மன்னர் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார், கண் மருத்துவம் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். சுவார்ட்ஸ் வீட்டில் வளர்ந்தவர்களின் பெயர்களை மலர்களில் வரிசையாக எழுதும்போது அவர் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

டோனாவூரில் எமி அம்மையாரின் கல்லறைக்கு அப்படிப்பட்ட கல் எதுவும் கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.