ஆடி மணலும் மடிப்புக் காகிதமும்

ஆடி மாதத்தில் பைக்கில் முக்கொம்பு போய்வந்தவர்களுக்கு அந்த மணலைத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கரூரைத் தாண்டி வரும் மேல்காற்று, தண்ணீர் இறங்காத நாட்களில் கொள்ளிடப் படுகையைக் கிளப்பி ரோட்டின்மேல் போடும். ஹெல்மெட்டைக் கழற்றினால் பல்லில் நறநறக்கும். நாம் துப்பிவிடலாம். இன்ஜினால் துப்ப முடியாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். திருச்சியிலிருந்து முக்கொம்பு சுமார் 18 கிலோமீட்டர். போய்த் திரும்புவதற்குள் ஒரு ஸ்ப்ளெண்டர், மொட்டைமாடித் தொட்டி ஐந்தில் கொள்ளும் அளவு காற்றை இழுத்திருக்கும். அதில் கலந்து வருவது வெறும் தூசி அல்ல. ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவர் அதற்கு முன்னால் மெத்து. கண்ணுக்குத் தெரிகிற மணலைவிட, தலைமுடிப் பருமனில் கால்பங்குகூட இல்லாத பொடிதான் ஆபத்து. அது எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து பிஸ்டன் ரிங்கோடு சேர்ந்து மேலும் கீழும் அரைக்கும். பிறகுதான் "வண்டி ஆயில் குடிக்குது" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்போம்.

அதனால் ஸ்பேர்ஸ் கடையில் ஏர் ஃபில்டர் வாங்கும்போது நான் அவசரப்படுவதில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். நல்ல காகித ஃபில்டர், கைதேர்ந்தவர் எடுத்த புடவைக் கொசுவம் மாதிரி இருக்கும். மடிப்புக்கு மடிப்பு ஒரே அகலம், ஒரே ஆழம், எங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. ரெசின் ஏற்றிய காகிதம் நகம் பட்டால் மொடமொடக்கும். டூப்ளிகேட்டில் மடிப்பு குறைவு. நடுவில் நெருங்கி, ஓரத்தில் கலைந்து, பசை வழிந்து கிடக்கும். மடிப்பு குறைந்தால் பரப்பு குறையும், சீக்கிரம் அடைக்கும். ஆனால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது காகிதத்தை அல்ல, சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழ வேண்டும். அந்த விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவில்லை என்றால் மடிப்பின் அழகால் ஒரு பயனும் இல்லை.

இதை நான் கற்றது செலவு செய்து. ஒரு சர்வீஸில் புது ஃபில்டர் போட்டு வந்த என் வண்டி, அடுத்த ஆடிக்குள் பிக்கப் இழந்தது. பழக்கமான மெக்கானிக் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, "விரல விட்டுப் பாருங்க சார்" என்றார். விட்டேன். விரல் நுனியில் கேழ்வரகு மாவு போல மென்மையான பழுப்புப் பொடி. குழாயின் கிளிப் முறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்குவழியில் போயிருக்கிறது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களின் ஃபோம் ஃபில்டருக்குத் தனி ருசி உண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெயில் நனைத்து, முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கினால் கிழியும். அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூசி ஒட்டுகிறது. கலிபோர்னியாவின் கே அண்ட் என் போன்ற பருத்தி வலை ஃபில்டர்களும் இதே தத்துவம்தான். கழுவிக் கழுவி வருடக்கணக்கில் ஓட்டலாம். காற்று தாராளமாகப் போகும், சத்தமும் கம்பீரமாக வரும். பந்தயத் தடத்துக்கு அதுவே சரி. மணல் லாரிக்குப் பின்னால் கரூர் ரோட்டில் போகிற வண்டிக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன். ஹோண்டா தன் வண்டிகள் பலவற்றில் வைக்கும் எண்ணெய் தோய்த்த காகிதத்தை மட்டும் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. நாள் வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் பக்கம் வந்தால் ஸ்ப்ளெண்டரிடம் மாற்றுவதற்குக் காகிதமே கிடையாது. அடியில் ஒரு கம்பிச் சல்லடை. அதற்கு மேல், கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு சின்னக் கிண்ணம். சுழற்சியில் கனமான அழுக்கு ஓரத்துக்கு வீசப்பட்டுச் சுவரில் படிய, தெளிந்த எண்ணெய் நடுவழியே போகும். சல்லடை வடிகட்டுகிறது என்றால், இந்தக் கிண்ணம் முறம் போலப் புடைக்கிறது. வலப்பக்க மூடியைத் திறந்து பார்த்தால் சுவரில் கண்மை போன்ற கறுப்புப் பூச்சு இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் வழித்தெடுக்கும்போது எனக்கு அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள்மேல் பெரும் மரியாதை வருகிறது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இதே வேலைக்கு ஒரு ஃபெல்ட் உருளை. இன்றைய காகித ஆயில் ஃபில்டரில் நான் தேடுவது அளவு, ஓ-ரிங், உள்ளே தாங்கும் உலோகக் குழல். அடைத்துப்போனால் பல இன்ஜின்களில் ஒரு வால்வு திறந்து எண்ணெயை வடிகட்டாமலேயே அனுப்பிவிடும். எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது அதன் கணக்கு. கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் மடிப்பைப் பிரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளிப் பொடி மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது.

முக்கொம்பு ரோட்டில் கம்பரசம்பேட்டையும் முத்தரசநல்லூரும் வரும். அங்கே காவிரிப் படுகைக்குள் இறக்கிய கிணறுகள் மணல் வழியே ஊறிவரும் தண்ணீரைச் சேகரித்து ஊருக்கு அனுப்புகின்றன. இன்ஜினைத் தின்கிற அதே மணல், அசையாமல் கிடக்கும்போது லட்சக்கணக்கானவர்களின் குடிதண்ணீரை வடிகட்டுகிறது. மணலுக்கும் காகிதத்துக்கும் ஒரு குணம் பொது: லேசாக அழுக்குப் படிந்த பிறகு புதிதில் இருந்ததைவிட நுணுக்கமாக வடிகட்டும். ஆகவே வாரா வாரம் கழற்றித் தட்டுவது ஃபில்டருக்குச் செய்யும் சேவை ஆகாது. ஆடி போன பிறகு ஒருமுறை திறந்தால் போதும்.

இந்த வருடம் காட்டன் வேஷ்டித் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, ரப்பர் குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். மெக்கானிக் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. "மூடிரலாம் சார்" என்றார்.