கேட்பார் இல்லாத புத்தகம்

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ 1953இல் வெளிவந்தது. தீயை அணைக்க வேண்டியவர்களே வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைக் கொளுத்தும் ஒரு வருங்கால அமெரிக்காவைச் சொல்லும் நாவல். படித்தவர்கள் மனத்தில் அந்தத் தீதான் தங்குகிறது. ஆனால் நாவலின் கருத்து முழுவதும் திரண்டு நிற்கும் இடம், தீயே இல்லாத ஒரு படுக்கையறை. வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் தீயணைப்பு வீரன் மாண்டாகைப் பார்க்க அவனுடைய மேலதிகாரி பீட்டி வருகிறார். புத்தகங்கள் எப்படி ஒழிந்தன என்ற வரலாற்றைச் சொல்கிறார். அரசாங்கம் உத்தரவு போட்டு அது தொடங்கவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். மக்கள்தொகை பெருகியது. எல்லாரையும் ஒரே சமயத்தில் எட்ட வேண்டிய படமும் வானொலியும் தொலைக்காட்சியும் எல்லாவற்றையும் மெலியவைத்தன. நாவல் சுருக்கமானது, சுருக்கம் அகராதிக் குறிப்பானது. ஒவ்வொரு குழுவும் தன்னைச் சங்கடப்படுத்தும் வரிகளை நீக்கச் சொன்னது. படிக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனின் நிம்மதியைக் கெடுப்பவனாகத் தெரியத் தொடங்கினான். இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தீயணைப்பு வீரர்களுக்குப் புதிய வேலை கொடுக்கப்பட்டது. 2007இல் பிராட்பரி அளித்த பேட்டி ஒன்றில், தன் நாவல் அரசுத் தணிக்கையைப் பற்றியது அல்ல, தொலைக்காட்சி இலக்கிய ஆர்வத்தை அழிப்பதைப் பற்றியது என்றே சொன்னார். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்து அச்சத்தின் நடுவே எழுதப்பட்ட நாவலை அப்படிச் சுருக்கிவிட முடியாது. ஆயினும் அவர் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது முக்கியம்.

டிஸ்டோபிய நாவல்களை இன்றைய உலகோடு ஒப்பிடும் எழுத்து பெரும்பாலும் ஒரு கேள்வியில் போய் நிற்கிறது: ஜார்ஜ் ஆர்வெல் சொன்னது பலித்ததா, ஆல்டஸ் ஹக்ஸ்லி சொன்னது பலித்ததா? இந்தப் பிரிவினையைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன். 1985இல் வெளிவந்த தன் நூலின் முன்னுரையில், புத்தகங்களைத் தடை செய்பவர்களைக் கண்டு அஞ்சியவர் ஆர்வெல் என்றும், தடை செய்யத் தேவையே இல்லாதபடி படிக்க விரும்புபவர் யாரும் இல்லாமல் போவதைக் கண்டு அஞ்சியவர் ஹக்ஸ்லி என்றும் அவர் வரையறுத்தார். அதன்பின் எழுதிய பலர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அரசின் கண்காணிப்பு செய்தியாகும்போது ஆர்வெல், கைப்பேசி மோகம் பேசுபொருளாகும்போது ஹக்ஸ்லி. 2013இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானதும் ஆர்வெல்லின் ‘1984’ விற்பனை ஏறியது இந்தப் பழக்கத்தின் விளைவே. இந்தப் பிரிவினை தவறு என்பது என் வாதம். தடையும் விருப்பமின்மையும் இரண்டு வகைச் சமூகங்களின் அடையாளங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது. ஒரு சமூகத்தில் எத்தனை நூல்கள் தடையாகியுள்ளன என்று எண்ணுவதோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் அறிவோம். யாரும் தேடிப் போகாமல் கிடப்பது எது என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு முதல் சாட்சி அந்த நாவல்களே. ‘1984’இல் தொலைத்திரையின் கண்காணிப்புக்கு உள்ளாவது கட்சிக்காரர்கள்தாம். மக்கள்தொகையில் 85 சதவீதமான ‘ப்ரோல்’கள் எனும் உழைக்கும் மக்களைக் கட்சி பெரிதும் கண்டுகொள்வதே இல்லை. அவர்களுக்கென்று எந்திரங்கள் பாட்டுக் கட்டுகின்றன. மலிவு நாவல்களும் ஆபாச ஏடுகளும் அரசுத் துறைகளிலேயே தயாராகின்றன. லாட்டரி அவர்களுடைய முக்கியப் பொழுதுபோக்கு. ஹக்ஸ்லிக்கு உரியது என்று போஸ்ட்மன் பிரித்துக் கொடுத்த உலகம் ஆர்வெல்லின் நாவலுக்குள்ளேயே, பெரும்பான்மை மக்களின் வாழ்க்கையாக இருக்கிறது. 1932இல் வெளிவந்த ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ இதன் மறுபாதி. இன்பத்தால் ஆளப்படுவதாகச் சொல்லப்படும் அந்த உலகிலும் கட்டுப்பாட்டாளர் முஸ்தபா மோண்ட் பழைய நூல்களைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறார். உயிரியல் கட்டுரை ஒன்றை வெளியிட அனுமதி மறுக்கிறார். ஒத்துப்போகாதவர்களைத் தீவுகளுக்கு அனுப்புகிறார். கவலையை மறக்கச்செய்யும் சோமா மாத்திரை போதுமானதாக இருந்தால் பெட்டகம் எதற்கு? இருவருக்கும் முன்னோடியான ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஜமியாதின், 1920-21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் இவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை. கண்ணாடி வீடுகளில் நேர அட்டவணைப்படி வாழும் மனிதர்களுக்கு இறுதியில் கற்பனையையே அறுத்து எடுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. விரும்பும் ஆற்றல் மிச்சமிருக்கும்வரை எந்தச் சுவரும் பத்திரமில்லை என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

பிராட்பரியின் நாவலுக்கே நேர்ந்த கதி இந்த இணைப்பைத் துல்லியமாகக் காட்டுகிறது. பாலண்டைன் பதிப்பகம் 1967இல் பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஃபாரன்ஹீட் 451’இன் தனிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. வசைச் சொற்கள், கருக்கலைப்பு பற்றிய குறிப்பு முதலிய சுமார் 75 இடங்களில் திருத்தம் நடந்தது; குடிபோதையில் இருந்த மனிதன் நோயுற்றவன் ஆனான். நூலில் எங்கும் அறிவிப்பு இல்லை, ஆசிரியருக்கும் தெரியாது. மாணவர்கள் கண்டுபிடித்துச் சொல்லி, 1979வாக்கில்தான் பிராட்பரிக்கு விஷயம் எட்டியது. அதன்பின் மூல வடிவம் மீட்கப்பட்டது. இதில் தடை ஆணை இல்லை, நீதிமன்றம் இல்லை, காவலர் இல்லை. எந்தப் பள்ளியிலிருந்தும் புகார் வந்துவிடக் கூடாது என்ற விற்பனைக் கவலை மட்டுமே இருந்தது. பீட்டி சொன்ன வரலாறு, அவரைப் படைத்த நூலிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் நிகழ்ந்திருக்கிறது. திருத்தப்பட்டதைப் படித்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதையோ இழந்தோம் என்ற உணர்வே வந்திருக்காது. இத்தகைய தணிக்கையின் ஆற்றல் அதுதான்.

தொழில்நுட்பம் இதில் புதிதாகச் சேர்ப்பது என்ன? 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்பனை உரிமை இல்லாதவர் பதிவேற்றிய பிரதிகள் என்ற காரணத்தால், வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ‘1984’ஐயும் ‘விலங்குப் பண்ணை’யையும் தொலைவிலிருந்தே அழித்தது, எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. அங்கே நோக்கம் தணிக்கை இல்லை. ஆனால் எரிக்க ஒருவர் வீட்டுக்கு வரவேண்டும் என்ற நிலை முடிந்துவிட்டதை அது தெரிவித்தது. இன்னும் ஆழமான மாற்றம் வேறிடத்தில் நடந்தது. சீன இணையத் தணிக்கையை ஆராய்ந்த மார்கரெட் ராபர்ட்ஸ் 2018இல் வெளிவந்த தன் நூலில் மூன்று வழிமுறைகளைப் பிரித்துக் காட்டினார்: அச்சுறுத்தல், தேடுபவரின் பாதையில் சிறு சிறு தடங்கல்களைப் போடுதல், வேறு செய்திகளின் வெள்ளத்தைத் திறந்துவிடுதல். அச்சுறுத்தல் பத்திரிகையாளர்களுக்கும் செயல்பாட்டாளர்களுக்கும். மற்றவர்களுக்குப் பின்னிரண்டுமே போதும். பக்கம் திறக்கச் சற்று நேரமானால் பெரும்பாலோர் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். கேரி கிங், ஜெனிஃபர் பான் ஆகியோரோடு சேர்ந்து ராபர்ட்ஸ் செய்த இன்னொரு ஆய்வு, சீன அரசுத் தரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 44.8 கோடி சமூக ஊடகப் பதிவுகளைப் போலியாக எழுதிக் குவிப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை எதிர்த்தரப்போடு வாதிடுவதில்லை. பேச்சைத் திசை திருப்பவே எழுதப்படுகின்றன.

சீன இணையத்தின் அந்தத் தணிக்கைச் சுவரை நீக்கினால் என்ன நடக்கும் என்பதை நேரடியாகவே சோதித்தவர்கள் யூயூ சென், டேவிட் யாங் என்ற இரண்டு பொருளியலாளர்கள். ஆர்வெல்லா ஹக்ஸ்லியா என்ற கேள்வியையே தலைப்பில் ஏந்தி 2019இல் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. பெய்ஜிங்கில் சுமார் 1,800 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு அது. தடையைத் தாண்டும் கருவி மாணவர்களுக்கு 18 மாதங்கள் இலவசமாகத் தரப்பட்டது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தியவர்களும் தடை செய்யப்பட்ட வெளிநாட்டுச் செய்தித் தளங்களில் ஏறக்குறைய நேரமே செலவிடவில்லை. நாட்டின் மிகச் சிறந்த கல்வி பெறும் இளைஞர்கள், கதவு திறந்த பிறகும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு, மக்களுக்கு உண்மையில் விருப்பம் இல்லை, அரசைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த விருப்பமின்மை எங்கிருந்து வந்தது? பிறந்தது முதல் ஒரு நாளிதழின் பெயரையே கேள்விப்படாமல் வளர்ந்தவருக்கு, அதைப் படிக்காமல் விட்டதால் தாம் இழந்தது இன்னதென்று தெரிய வழியில்லை. தடை நீண்ட காலம் நிலைத்தால், தான் இல்லாமலேயே தன் வேலை நடக்கும்படி மனங்களைப் பழக்கிவிடுகிறது.

பொழுதுபோக்கையும் அலட்சியத்தையும் பற்றி இப்படிப் பேசுவது, சிறையிலும் சாம்பலிலும் முடியும் உண்மையான தணிக்கையைச் சிறிதாக்குகிறது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஜமியாதினின் நாவல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதப்பட்ட நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருந்தது. அவர் 1937இல் பாரிஸில் இறந்தார். 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தபோது, ஓலைச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் போயிருந்தன. அங்கே வாசிப்பு மெலிந்திருக்கவில்லை. ஒரு மக்கள் தம் நூலகத்தைப் பெருமையாகக் கருதியதாலேயே அது இலக்கானது. பீட்டியின் வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு இடமில்லை. ஆகவே விருப்பம் குறைந்த பிறகே தடை வரும் என்பதை ஒரு விதியாக வைக்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு: வாசிப்பு வலுவாக உள்ள இடத்தில் தணிக்கைக்கு வன்முறை தேவைப்படுகிறது, வன்முறை கண்ணுக்குத் தெரிகிறது, எதிர்ப்பையும் நினைவையும் உண்டாக்குகிறது. வாசிப்பு மெலிந்த இடத்தில் அதே வேலை ஓசையில்லாமல் முடிகிறது. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்காதவர்கள் இரண்டாவதைச் சுதந்திரம் என்றே எண்ணிவிடுவார்கள்.

கீழிருந்து வரும் நெருக்கடி பற்றிப் பீட்டி சொன்னதற்குச் சான்று தேடித் தமிழ் வாசகர் வெகுதூரம் போக வேண்டாம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்து நான்காண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது, பிரதிகள் எரிக்கப்பட்டன. அரசு நாவலைத் தடை செய்யவில்லை. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டியது. அங்கே எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கூட்டத்தில் எட்டிய ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்த பிறகே அவர் மீண்டும் எழுத வந்தார். அமெரிக்காவிலும் இதே பாதை தெரிகிறது. பென் அமெரிக்கா அமைப்பு 2023-24 கல்வியாண்டில் மட்டும் பொதுப் பள்ளிகளில் 10,046 புத்தக நீக்கங்களைப் பதிவு செய்தது. கடையில் கிடைக்கும் நூலைப் பள்ளி அலமாரியிலிருந்து எடுத்தால் அது தடையாகுமா என்று இதற்குச் சிலர் பதில் சொல்கிறார்கள். வீட்டில் புத்தகம் வாங்கும் வழக்கம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அலமாரிதான் ஒரு நூலின் பெயரையே அறிமுகம் செய்கிறது. பெயர் தெரியாததை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

பேச்சுக்கு எல்லைகளே கூடாது என்று இதை விரித்துக்கொண்டு போக முடியாது. மியான்மரில் ரோஹிங்யாக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்புவதில் ஃபேஸ்புக் வகித்த பங்கை ஐ.நா. உண்மையறியும் குழு 2018இல் கடுமையாகச் சுட்டியது. அந்த நிறுவனமும் தான் போதிய அளவு செயல்படவில்லை என்று அதே ஆண்டு ஒப்புக்கொண்டது. கொலைக்குத் தூண்டும் பேச்சை நீக்க வேண்டும். ஆனால் நீக்கியது யார், எந்த விதியின் கீழ், யாரிடம் முறையிடுவது என்ற மூன்றும் வெளிப்படையாக இருந்தாக வேண்டும். இந்தியாவில் 2009இல் வந்த இணைய முடக்க விதிகளின் 16ஆம் விதி, முடக்கக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015இல் இணையப் பேச்சைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் துடைத்தெறிந்தபோதும் இந்த விதிகள் நிலைத்தன. எது போயிற்று என்றே தெரியாதபோது அதைக் கேட்கும் குடிமகனும் உருவாவதில்லை. இணையத் தளங்களின் பரிந்துரை நிரல்கள் மக்களின் விருப்பத்தைத்தானே பிரதிபலிக்கின்றன என்ற வாதத்துக்கும் இதுவே பதில். நேற்று எதில் கண் நின்றதோ அதையே இன்றும் தரும் ஏற்பாடு, இதுவரை விரும்பாத ஒன்றை விரும்பிப் பார்க்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

பெய்ஜிங் ஆய்வின் மறுபாதி இங்கே வருகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு நான்கு மாதங்கள் செய்திமடல்கள் அனுப்பப்பட்டன. வெளிநாட்டு இதழ்களில் வந்த செய்திகளை அவை சுட்டின, படித்துப் பதில் சொன்னால் சிறு பரிசும் உண்டு. நான்கு மாதம் முடிந்து பரிசு நின்ற பிறகும் அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை. இலவசக் காலம் தீர்ந்ததும் சொந்தப் பணம் கட்டிக் கருவியைப் புதுப்பித்துக்கொண்டவர்கள் பலர். நாட்டின் பொருளாதாரம் பற்றிய அவர்கள் மதிப்பீடு மாறியது, அரசின் மீதான நம்பிக்கை குறைந்தது, படித்ததை விடுதி அறைத்தோழர்களிடம் ஓரளவு சொல்லவும் செய்தார்கள். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு தூரம் போகும் என்றும் சென்னும் யாங்கும் கணக்கிட்டார்கள். பெருந்தொகையான மாணவர்களுக்குக் கருவியை மட்டும் கொடுத்தால் தணிக்கை அசையாமல் நிற்கும் என்பது அவர்கள் முடிவு. கேட்பவர்கள் குறைவு, கேட்டதைக் கடத்துபவர்கள் அதைவிடக் குறைவு.