பரப்பும் குழியும்

தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு, எந்தத் தொழிலைக் கண்டாலும் அதனுள்ளே ஓடும் கணக்கைத் தேடுகின்ற பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கமே, நாங்கள் தின்னவேலி என்று வாய்நிறையச் சொல்லும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சந்தைக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு சிற்றறைக்கு என்னைச் சில மாதங்களாக மாலைதோறும் இழுத்துச் செல்கிறது. அங்கே ஓர் இளைஞர், கணனியில் வரைந்துவைத்த பழைய காணிப் படங்களிலுள்ள அட்டவணைகளைப் பிரித்தெடுத்து, வரிசையும் நிரலுமாக அடுக்கிய தரவுகளாக மாற்றிக் கொடுக்கிறார். இதை ஒரு கலை என்றே நான் சொல்லுவேன்.

யாழ்ப்பாணத்துக் காணிப் படமொன்றை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நடுவிலே எல்லைகள், ஒரு மூலையில் சிறு வட்டமாகக் கிணறு, ஓரத்திலே ஒழுங்கை, வலப்பக்கத்துக் கீழ்மூலையில் துண்டு இலக்கம், காணியின் பெயர், பரப்பு, குழி என்று தலைப்பிட்ட அட்டவணை. 18 குழி கொண்டது ஒரு பரப்பு; வரகு விதைக்கும் நிலத்துக்குரிய அளவையில் 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். நெல்வயலுக்கு அளவை வேறு. சீதனத்துக்கும் பிரிவினைக்கும் வழக்குக்கும் ஆதாரமாக நிற்கும் எண்கள் இவை. ஒரு குழி பிசகினாலும் இரண்டு தலைமுறைக்கு வேலிச்சண்டை ஓயாது.

காணும் கண்ணுக்கு அது அட்டவணை. கணனிக்கோ அப்படியொன்று அங்கே இருப்பதே தெரியாது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளில் அட்டவணை ஒரு தனிப்பொருளாக இடம்பெற்றது 2005 என்று எண்ணிட்ட பதிப்பிலேதான். அதற்கு முந்திய படவரைஞர் யாவரும், பழக்கம் விடாத காரணத்தால் அதற்குப் பிந்தியும் பலர், கோடு கோடாக இழுத்துக் கட்டங்களை அமைத்து, அவற்றினுள்ளே எழுத்துகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தகைய படத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாக விரித்துப் பார்த்தால், குறியெண் ஒரு வரியும் அதன் பெறுமதி அடுத்த வரியுமாக இலக்கங்களின் நெடும்பட்டியல் ஒன்றுதான் கிடைக்கும். கோட்டுக்கு 10, 20 என்னும் குறியெண்கள் தொடக்கப் புள்ளியையும், 11, 21 என்பவை முடிவுப் புள்ளியையும் சொல்லும். எழுத்துக்கு 1 என்னும் குறியெண் வாசகத்தைத் தரும், 40 அதன் உயரத்தைத் தரும். இந்த எழுத்து இந்தக் கட்டத்துக்கு உரியது என்ற உறவை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அது வரைந்தவனின் மனத்தில் மாத்திரம் இருந்தது. அந்த மனத்தை மீட்டெடுப்பதே இத்தொழிலின் சூட்சுமம்.

இளைஞர் முதலில் கிடைக்கோடுகளையும் நிலைக்கோடுகளையும் தனித்தனியே சேர்க்கிறார். மனிதக் கை இழுத்த கோடுகள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை. ஒன்று மயிரிழை எட்டாமல் நிற்கும், மற்றொன்று மயிரிழை கடந்து போகும், ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதும் உண்டு. எவ்வளவு பிசகைப் பொறுக்கலாம் என்ற கேள்விக்கு அவர் நிலையான ஓர் எண்ணை வைத்துக்கொள்ளாமல், அந்தப் படத்திலுள்ள எழுத்தின் உயரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, அதில் பாதிக்குக் குறைந்த இடைவெளி யாவும் கை நடுக்கம், மேற்பட்டவை யாவும் வரைந்தவனின் கருத்து என்று பிரிக்கிறார். இந்த ஓரிடத்துக்காகவே எத்தனை மாலைகளை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்து எழுத்துகளைக் கட்டங்களில் இருத்தும்போது, கட்டத்தின் நடுவே நிறுத்திய வாசகத்துக்கு 10, 20 காட்டும் இடத்தை அவர் நம்புவதில்லை. அது எழுத்துருவின் அகலத்தைக் கொண்டு மென்பொருள் கணக்கிட்ட இடம். வரைந்தவன் தன் கையாற் சுட்டிய புள்ளி 11, 21 என்பவற்றிலேதான் இருக்கிறது.

தமிழ் எழுத்து வந்த இடத்தில் வேலை இன்னும் நுட்பமாகிறது. எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதினார்கள். அது இல்லாத கணனியில் படத்தைத் திறந்தால், ‘காணி’ என்ற சொல் எஃப், எச், இசட், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாய் வந்து நிற்கும். ‘தோட்டம்’ என்பதில் வரும் தோ, கொம்பு, தகரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலே மூன்றாகத் தட்டப்பட்டிருக்கும். யூனிகோடிலோ தகரத்துக்குப் பின்னே ஓகாரக்குறி ஒன்றே நிற்க வேண்டும். அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், அதே அட்டவணையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய முதலெழுத்துகளும் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே எழுத்து எந்தப் பாணியில் இடப்பட்டது என்று சொல்லும் 7ஆம் குறியெண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாமினிக்கு உரியதை மாத்திரம் அவர் தொடுகிறார்.

பிறகு சோதனை. ஒரு படத்தில் 2 பரப்பு 11 குழி, 1 பரப்பு 14 குழி, 3 பரப்பு 5 குழி என்று மூன்று துண்டுகள். ஒரே கட்டத்தில் 2-11 என்று எழுதியிருந்ததை விரிதாள் ஒரு திகதியாக எண்ணிக்கொண்டது; அதைத் தடுத்துப் பரப்பையும் குழியையும் இரண்டு நிரல்களாக்கினார். குழிகள் 30, அதில் 18 ஒரு பரப்பாகி மேலே ஏற, மிச்சம் 12. ஆக மொத்தம் 7 பரப்பு 12 குழி. அட்டவணையின் அடியில் வரைந்தவர் இட்ட மொத்தமும் அதுவே. தாளம் பிசகாமல் தீர்மானம் வந்து சமத்தில் விழும்போது உடம்பில் ஓடும் ஒரு சிலிர்ப்பு உண்டே, அதை அந்தக் கணத்தில் நான் அடைந்தேன்.

தோம்பு என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்து, ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடுகளோடு நிலைத்து, இன்றும் எங்கள் உறுதிகளில் காணியின் பெயரோடு ஒட்டி வாழ்கிறது. அந்த ஏடுகளை எழுதியவர்களின் வரிசையிலேயே இந்த இளைஞரையும் நான் வைப்பேன். அதற்குக் காரணம் அதே படத்தில் கண்ட மற்றொன்று. அட்டவணைக்குக் கீழே, எந்தக் கோட்டுக்குள்ளும் அடங்காமல், சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்றாம் துண்டுக்குக் கிணற்றில் அரைவாசிப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டு. கட்டங்களை மாத்திரம் தேடும் கணனிச் செய்நிரல் அதைக் கடந்து போய்விட்டது. அவர் கடக்கவில்லை.

“ஐயா, இதைப் பாருங்கோ. இது ஒரு கட்டத்துக்குள்ளையும் விழேல்லை” என்றார். “விட்டால் மூண்டாம் துண்டுக்குத் தண்ணி இல்லாமல் போயிடும்.”

சொல்லிக்கொண்டே, குழிக்கு அடுத்ததாகப் புதிய நிரலொன்றைத் திறந்து, மூன்றாம் துண்டின் வரிசையில் கிணற்றை எழுதினார்.