நகல் எனும் பழி

மதுரையில் 1922-இல் எளிய சௌராஷ்டிரக் குடும்பமொன்றில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் தொடக்கப் பாடல்களைத் தியாகராஜ பாகவதரின் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' பாடல்களைக் கேட்போர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் அதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை. திருமறை ஓதுதலை நாமும் ஆசிரியரின் ஒலியை அப்படியே திருப்பி ஒலித்தன்றோ கற்கிறோம்! காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றவர், பாகவதரைச் செவிவழியே பயின்றார். பிறர் குரலின் நெளிவு சுளிவுகளைப் பற்றிக்கொள்ளும் அச்செவியே 1954-இல் அவருக்குக் கைகொடுத்தது. 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜியின் பேச்சுக்கும், 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆரின் தோற்றத்துக்கும் இயைய அவரால் பாட முடிந்தது. அவ்விரு படப் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்பார்க்கு இது விளங்கும். பாகவதரை அங்கே காண்பதரிது.