நடுகல்லும் ஒளவையாரின் வினாவும்

போரில் வீழ்ந்தோர்க்குக் கல்லெடுக்கும் மரபினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுத்துரைக்கும். ஒரு வீட்டின் இழப்பினை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்ள இச்சடங்குகள் வழிசெய்தன. எனவே நடுகற் பாடல்களை வீரத்தின் புகழ்ப்பாக்களாக மட்டும் நோக்குவோர் உளர். அந்நோக்கு முழுமையானதன்று.

புறநானூற்றின் 232ஆம் பாடல் இதற்குச் சான்றாகும். அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டப்படுகின்றது. சிறு கலத்திலே கள் படைக்கப்படுகின்றது. சடங்கிற் குறையேதுமில்லை. ஆயினும், நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என ஒளவையார் வினவுகின்றார். ஊர் கல்லைக் காண்கின்றது. ஒளவையாரோ இல்லாத மனிதனைக் காண்கின்றார்.

சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டம் பிறிதொரு நிலையைக் காட்டும். போர்க்களம் காணாத கண்ணகிக்கும் அம்மரபின்படியே கல்லெடுக்கப்படுகின்றது; அக்காண்டத்துக் காதைகள் சில அச்சடங்குகளின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஆனால், தோற்ற கனக விசயரின் தலைமீது சேரன் செங்குட்டுவன் அக்கல்லை ஏற்றும்பொழுது, கண்ணகியின் துயர் பின்னொதுங்க, வேந்தனின் வெற்றியே முன்னிற்கின்றது.

நினைவுச் சடங்கு வேண்டுவதே. தனித்தழுவோர்க்கு அது துணையாகும். எனினும், அரசு அதனைத் தன் வெற்றிக்குரிய மேடையாக்கிக்கொள்ளல் எளிது. ஒளவையாரின் வினா சடங்கை மறுப்பதன்று. அதன் எல்லையை உணர்த்துவது. அவ்வினாவிற்கு இடமளியாத நினைவுகூரலில் கல் எஞ்சும், மாண்டவன் எஞ்சான்.