அளவுகோலும் ஆட்டக்காரரும்: ‘எக்காலத்துக்கும் தலைசிறந்தவர்’ என்னும் விவாதம் குறித்துச் சில கருத்துகள்

விளையாட்டு உலகில் ஓய்வறியாத வினா ஒன்று உண்டு. இதுவரை ஆடியவர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே அவ்வினா. கிரிக்கெட், காற்பந்து, குத்துச்சண்டை, டென்னிஸ் என எத்துறையை எடுத்துக்கொண்டாலும் இரசிகர்களும் ஊடகங்களும் இதனை மீண்டும் மீண்டும் எழுப்பக் காண்கிறோம். பொழுதுபோக்குப் பேச்சு என இதனை ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், ஒரு சமூகம் எதனைச் சாதனையென ஏற்கிறது, எவரை நினைவில் இருத்துகிறது என்பதை இவ்விவாதம் வெளிப்படுத்துகிறது. அவ்வகையில் இது ஆய்வுக்குரியதாகிறது. கிரிக்கெட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதன் இயல்பை இங்கு நோக்குவோம்.

கிரிக்கெட்டைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எண்களால் முடிவு காணத்தக்க விவாதம் ஏதேனும் இருக்குமாயின், அது டொனால்டு பிராட்மன் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். 1928 முதல் 1948 வரை 52 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடிய அவர் 6,996 ஓட்டங்களையும் 29 சதங்களையும் எடுத்தார். அவருடைய சராசரி 99.94. நெடுங்காலம் நிலைத்து ஆடிய பிற மட்டையாளர்களுள் மிகச் சிறந்தோரின் சராசரிகூட 60ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. 1948 ஆகஸ்டில், இலண்டன் ஓவல் திடலில், தம் இறுதி இன்னிங்சில் நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பாராயின் அவர்தம் சராசரி 100 ஆகியிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே அவர் ஓட்டமெதுவுமின்றி ஆட்டமிழந்தார். 2000ஆம் ஆண்டில் விஸ்டன் இதழ் நூற்றாண்டின் ஐந்து கிரிக்கெட் வீரர்களைத் தெரிவு செய்தபோது, நடுவர்கள் 100 பேரும் பிராட்மனுக்கு வாக்களித்தனர்.

இத்துணைத் தெளிவான எண் இருந்தும் விவாதம் முடியவில்லை. சச்சின் டெண்டுல்கரின் பெயர் அதற்கு எதிரே வைக்கப்பட்டது. 1989 முதல் 2013 வரை அவர் 200 டெஸ்ட் ஆட்டங்களில் 15,921 ஓட்டங்கள் எடுத்தார். ஒருநாள் ஆட்டங்களையும் சேர்த்து அனைத்துலக அளவில் 100 சதங்களைக் கண்டார். ஆயினும், அவருடைய டெஸ்ட் சராசரி 53.78. பிராட்மன் தரப்பினர் சராசரியைக் காட்டுவர். டெண்டுல்கர் தரப்பினர் ஆண்டுகளின் நீட்சியையும் ஆடிய நாடுகளின் பரப்பையும் காட்டுவர். பிராட்மன் தம் டெஸ்ட் ஆட்டங்கள் அனைத்தையும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மட்டுமே ஆடினார். அவற்றுள் 37 இங்கிலாந்துக்கு எதிரானவை. ஒருநாள் அனைத்துலக ஆட்டமோ 1971இல்தான் தோன்றியது. மறுபுறம், மழைக்கு மூடப்படாத ஆடுதளங்களில் தலைக்கவசமின்றி நின்றவர் பிராட்மன். இவ்வாதங்கள் அனைத்தும் உண்மையே. ஆனால், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது. கூர்ந்து நோக்கின், இரசிகர் முதலில் வீரரைத் தேர்கிறார். அவருக்குப் பொருந்தும் அளவுகோலைப் பின்னரே தேடிக்கொள்கிறார் எனலாம்.

வீரரை முதலில் தேர்வது எதனால்? இவ்விடத்தில் காற்பந்து உலகின் நிகழ்வொன்று நமக்கு விளக்கம் தருகிறது. 2000ஆம் ஆண்டில் ஃபிஃபா நூற்றாண்டின் தலைசிறந்த காற்பந்து வீரரைத் தெரிவு செய்ய இணையவழி வாக்கெடுப்பு நடத்தியது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் டியேகோ மரடோனாவுக்குச் சென்றன. பெலே மிகப் பின்தங்கினார். இணையத்தில் வாக்களிப்போர் பெரும்பாலும் இளையோர், பெலேயின் ஆட்டத்தை நேரில் அறியாதவர்கள் என்ற குறை எழுந்தது. காற்பந்துத் துறையினர் அடங்கிய குழுவின் தெரிவும் ஃபிஃபா சஞ்சிகை வாசகர்களின் தெரிவும் பெலேக்குச் சாதகமாக அமைந்தன. முடிவில், அவ்வாண்டு டிசம்பரில் ரோம் நகரில் இருவருக்கும் விருது வழங்கப்பட்டது. ஒரே பட்டம் இருவருக்கு எனில், அங்குத் தீர்ப்பு வழங்கப்படவில்லை. இரு தலைமுறைகளுக்கிடையே சமரசமே செய்யப்பட்டது. 1970இல் பெலேயைக் கண்டவரும் 1986இல் மரடோனாவைக் கண்டவரும் தத்தம் இளமையின் வியப்பையே வாக்காக அளித்தனர். ‘அவரே தலைசிறந்தவர்’ என்னும் கூற்றினுள் ‘நான் கண்ட காலம் வீண்போகவில்லை’ என்னும் மற்றொரு கூற்று உறைந்துள்ளது. இரசிகர்கள் இவ்விவாதத்தில் கொள்ளும் சினமும் உருக்கமும் இதனால் விளங்குகின்றன.

ஊடகங்களின் ஈடுபாட்டுக்குக் காரணம் வேறு. ஆட்டம் நடைபெறும் நாள்களைவிட நடைபெறாத நாள்களே மிகுதி. அந்நாள்களிலும் பக்கங்களும் ஒளிபரப்பு நேரமும் நிரப்பப்பட வேண்டும். செய்தியாளரை எங்கும் அனுப்பாமலே, செலவின்றி நடத்தத்தக்க செய்தி இது. முடிவு இல்லாததால் என்றும் பழையதாவதும் இல்லை. 2022இல் லியோனல் மெஸ்ஸி உலகக் கிண்ணத்தை வென்றபோது, பெலே, மரடோனா ஆகியோரைப் பற்றிய அதே வாதங்கள் புதிய பெயருடன் மீண்டும் அரங்கேறின. பட்டிமன்றத்தை நன்கறிந்த நமக்கு இது புதிதன்று. அங்கும் அவையோர் தீர்ப்பை அறிவதற்காக மட்டும் அமர்ந்திருப்பதில்லை. வாதத்தின் சுவைக்காகவே அமர்ந்திருக்கின்றனர். ஆனால், பட்டிமன்றத்தின் அணிகள் மேடை ஏறுமுன்பே வகுக்கப்பட்டுவிடுகின்றன. அணியில் இடம்பெறாத பொருளைப் பற்றி அம்மேடையில் எவரும் பேசுவதில்லை.

இவ்விவாதத்தின் உண்மையான குறைபாடு இங்குதான் உள்ளது. பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒப்பிடுவோர், அப்பதிவேடு எவருக்குத் திறந்திருந்தது என்று கேட்பதில்லை. ஜமைக்காவின் ஜார்ஜ் ஹெட்லி 1930க்கும் 1954க்கும் இடையே 22 டெஸ்டுகளில் மட்டுமே ஆடினார், சராசரி 60.83. அவரைக் ‘கறுப்பு பிராட்மன்’ என உலகம் அழைத்தது; பிராட்மனே ‘வெள்ளை ஹெட்லி’ என மேற்கிந்தியர் மறுமொழி கூறினர். ஹெட்லி 1948இல் ஒரேயொரு டெஸ்டில் அணித்தலைவராக இருந்தார். மேற்கிந்திய அணியை டெஸ்டில் வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர் அவரே. தொடர்ந்து அப்பொறுப்பை வகிக்கும் வாய்ப்பு 1960இல் பிராங்க் வொரலுக்குத்தான் ஒரு கறுப்பினத்தவர் என்ற முறையில் முதன்முதலாகக் கிட்டியது.

இந்தியச் சான்று இதனினும் கடுமையானது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வாங்கர் பாலு புனேயில் ஐரோப்பியர் மன்றத்தில் ஆடுதளத்தைப் பேணும் பணியில் இருந்தவர். அங்கு ஆங்கிலேயருக்குப் பயிற்சிப் பந்து வீசியே தேர்ச்சி பெற்றார். இந்துக்கள் அணி அவருடைய பந்துவீச்சை ஏற்றது. ஆனால், தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே தனி மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் அவர் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவே இல்லை. இந்தியா தன் முதல் டெஸ்டை 1932இல்தான் ஆடியது. அதற்குள் அவர்தம் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது. ஆகவே, டெஸ்ட் பட்டியல்களில் பாலுவுக்குச் சராசரி இல்லை. சராசரி இல்லாதவருக்கு விவாதத்திலும் இடமில்லை. இராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூல் அவரைப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தது. அப்பணியை வரலாற்றாய்வு செய்ததேயன்றித் தலைசிறந்தவர் யார் என்னும் வாக்கெடுப்பு எதுவும் செய்யவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இதனால் பிராட்மனின் பெருமை குறைந்துவிடாது. 99.94 என்பது மனித ஆற்றலின் வியத்தகு பதிவே. ஆனால், அஃது ஒரு குறிப்பிட்ட காலத்தில், இரு நாடுகளின் திடல்களில், அன்று ஆட அனுமதிக்கப்பட்டோருக்கு எதிராகப் பெற்ற எண். அதனை ‘எக்காலத்துக்கும்’ என விரிக்கும்போது, அக்காலத்தின் வேலிகளையும் நாம் அறியாமலே ஏற்றுக்கொள்கிறோம்.

இவ்விவாதம் ஓயப்போவதில்லை, ஓய வேண்டிய தேவையும் இல்லை. தலைமுறைகள் தம் நினைவுகளைக் கையளிக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று. தந்தை தாம் கண்ட வீரரைப் பற்றி மகனிடம் வாதிடுகையில் ஒரு காலமே பேசப்படுகிறது. நாம் வேண்டுவது ஒன்றே. தலைசிறந்தவர் யார் என்று கேட்கும்போது, எவருக்கு எதிராக, எந்தத் திடலில், யார் யார் வெளியே நிற்க என்னும் வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும்போதுதான், மண்குவளையுடன் பெவிலியனுக்கு வெளியே நின்ற பாலுவும் அவ்விவாதத்தினுள் வருவார்.